மூடியைத் திறக்காமலே தண்ணீர் பார்ப்போம்

ட்ரக்டர் ரேடியேட்டரின் மிதவைக் கேஜ் பற்றிய விளக்கம்

கொழுந்து ஏற்ற, உரமூட்டை இறக்க, விறகு இழுக்க, அவசரத்துக்கு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்று தோட்டத்தில் எல்லாத்துக்கும் கைகொடுப்பது ட்ரக்டர்தான். இந்த ட்ரக்டருக்கு டீசல் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீர். டீசல் முடிந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். தண்ணீர் முடிந்தால் வண்டி உடனே நிற்காது. ஓடிக்கொண்டே இருந்து எஞ்சினையே தின்றுவிடும்.

அதனால்தான் "தண்ணி பாரு, தண்ணி பாரு" என்று டிரைவர்மார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்க்கிறதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஓடி வந்த வண்டியின் மூடியைச் சூட்டோடு திறந்து, கொதிநீர் முகத்திலும் நெஞ்சிலும் அடித்து வெந்துபோகிறவர்கள் உண்டு. எஞ்சினைக் காப்பாற்றப் போய் கண்ணையும் கையையும் இழக்கலாமா? மூடியைத் திறக்காமலே தண்ணீர் மட்டத்தைக் காட்டும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதற்குப் பெயர் மிதவை மானி. கராஜில் சொல்வது புளோட் கேஜ். அது எப்படி வேலை செய்கிறது, எந்த வண்டியில் இருக்கும், எவ்வளவு தூரம் அதை நம்பலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு?

டீசல் எரிந்து வரும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றுகிற வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போய்விடும். மிச்சச் சூடு எஞ்சின் இரும்பில் ஏறுகிறது. அதை எடுத்துக்கொண்டு போகத்தான் தண்ணீர் வேண்டும்.

சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளில் ஓடும் தண்ணீர், சூட்டை வாங்கிக்கொண்டு மேல்குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றாடி இழுக்கிற காற்றுப்பட்டு ஆறுகிறது. ஆறின தண்ணீர் கீழ்க்குழாய் வழியாகத் திரும்பவும் எஞ்சினுக்குப் போகிறது. இந்தச் சுற்று நிற்காமல் நடக்க வேண்டும்.

"ரேடியேட்டர்ல பாதித் தண்ணி கிடக்குதானே, பரவாயில்ல" என்று சிலர் சொல்வார்கள். அது சரியான பேச்சு இல்லை. 1917இல் வந்த போர்ட்சன் எப் போன்ற பழைய ட்ரக்டர்களில் தண்ணீர்ப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே போகும், ஆறின தண்ணீர் பாரமாகிக் கீழே இறங்கும். அந்த இயற்கை ஓட்டம்தான் எஞ்சினை ஆற்றியது. தண்ணீர் மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே போனதும் ஓட்டம் அறுந்துவிடும். ரேடியேட்டரில் முக்கால்வாசித் தண்ணீர் கிடந்தாலும் எஞ்சின் வேகும். இன்றைய வண்டிகளில் பம்ப் இருப்பதால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் மட்டம் மேலும் இறங்கினால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். எஞ்சின் தலைப்பகுதியில், அதாவது ஹெட்டில், ஆவி தேங்கி நிற்கும். அந்த இடம்தான் முதலில் வேகும்.

பிறகு நடப்பது என்ன? ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும். கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். "எஞ்சின் சீஸ் ஆயிட்டு" என்று சொல்வது இதைத்தான். அன்றைக்குப் பறித்த கொழுந்து சாக்கிலேயே அடைந்து கிடந்து, சூடேறிச் சிவந்துபோகும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. நாள் முழுக்க மலையில் நின்று பறித்த பெண்களின் உழைப்பு இப்படி ஒரு வாளித் தண்ணீரால் கெட்டுப்போகிறது.

சூட்டோடு திறந்தால் ஏன் சீறுகிறது?

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். மலை ஏற ஏற காற்றின் அமுக்கம் குறைவதால், குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு 1 பாகை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அட்டன் பக்கம் சுமார் 96 பாகையிலும், 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலும் தண்ணீர் கொதிக்கிறது. மேல்மலைத் தோட்டங்களில் பருப்பு வேக நேரம் எடுப்பது இதனால்தான்.

தண்ணீர் சீக்கிரம் கொதித்து ஆவியாகிப் போகாமல் இருக்க, நாலு சில்லு ட்ரக்டர்களில் சுருள்கம்பி வைத்த அமுக்க மூடி போடுகிறார்கள். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் தாங்கும் மூடி பல பழைய ட்ரக்டர்களில் வழக்கம். அந்த மூடி சரியாக இருந்தால் தண்ணீர் கொதிக்கும் சூடு 10 பாகைக்கும் மேல் உயரும். பிரஷர் குக்கரில் நடக்கிற அதே வேலைதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உள்ளே 100 பாகைக்கு மேல் சூடான தண்ணீர், அமுக்கத்தால் மட்டும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. நீங்கள் மூடியைத் திருகுகிறீர்கள். அமுக்கம் ஒரே நொடியில் போய்விடுகிறது. அடங்கிக் கிடந்த தண்ணீர் அப்படியே பொங்கிக் கொதிக்கிறது. ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் 1,600 பங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த ஆவி, மிச்சமுள்ள கொதிநீரையும் தள்ளிக்கொண்டு, திறந்த வாயால் வெளியே அடிக்கிறது. குனிந்து பார்க்கிறவர் முகம் அதற்கு நேர் மேலே இருக்கிறது. விலக நேரமே கிடைக்காது.

ஆகவே "மெதுவாத் திறந்தா ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். சூடான மூடியைத் திறக்கவே கூடாது.

மிதவை எப்படி மட்டத்தைக் காட்டுகிறது?

வீட்டுத் தண்ணீர் டாங்கியில் பந்து வால்வைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் பந்து ஏறும், இறங்கினால் பந்தும் இறங்கும். டீசல் டாங்கியிலும் மோட்டார் சைக்கிள் பெற்றோல் டாங்கியிலும் முள்ளை ஆட்டுகிறதும் உள்ளே இருக்கும் ஒரு மிதவைதான். ரேடியேட்டர் மிதவைக் கேஜும் அதே சாதியைச் சேர்ந்தது.

அதில் மூன்றே சாமான்கள். முதலாவது மிதவை. தக்கையாக இருக்கலாம், உள்ளே காற்றடைத்த பித்தளைப் பந்தாக இருக்கலாம், பிளாஸ்டிக்காக இருக்கலாம். இரண்டாவது, மிதவையின் தலையில் நிற்கும் மெல்லிய கம்பி. மூன்றாவது, கம்பி சாயாமல் மேலும் கீழும் போய்வர ஒரு வழிக்குழாய். கம்பியின் நுனியில் சிவப்பு அடையாளம் இருக்கும். சிவப்பு மேலே நின்றால் தண்ணீர் இருக்கிறது. சிவப்பு தாழ்ந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும், பத்தடி தள்ளி நிற்கிறவரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம்.

மிதவை ஏன் அமிழ்ந்துபோவதில்லை? ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் நிறை அளவுக்குத் தண்ணீர் அதை மேலே தள்ளும். 5 சென்றிமீற்றர் குறுக்களவுள்ள பந்து முழுதாக அமிழ்ந்தால் 65 கன சென்றிமீற்றர் தண்ணீரை விலக்கும். அதன் நிறை 65 கிராம். பந்தும் கம்பியும் சேர்ந்து 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், பந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அமிழ்ந்து மிதக்கும். கம்பி பாரமாகி மொத்த நிறை 65 கிராமைத் தாண்டினால் பந்து மூழ்கிவிடும். அதனால்தான் கம்பியை இவ்வளவு மெல்லிசாகப் போடுகிறார்கள். கம்பி உடைந்தது என்று சொல்லி அந்த இடத்தில் தடித்த கம்பியைப் பற்றவைத்தால் கேஜ் கெட்டுப்போகும்.

எந்த வண்டியில் இருக்கும்?

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே முறை பொருந்தாது.

முதல் வகை, திறந்த தொட்டி எஞ்சின். நம்மவர்கள் பொதுவாக லேண்ட்மாஸ்டர் என்று கூப்பிடும் இரண்டு சில்லு ட்ரக்டர்களில் ஒரு பகுதியும், தண்ணீர் இறைக்கும் சில டீசல் எஞ்சின்களும் இந்த வகை. சீனத் தயாரிப்பான எஸ் 195 எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். ஒரே சிலிண்டர், 95 மில்லிமீற்றர் குறுக்களவு, படுக்கையாகக் கிடக்கும், ஏறத்தாழ 12 குதிரைவலு. சிலிண்டருக்கு மேலேயே தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும். இதில் அமுக்க மூடி கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே எஞ்சின் ஆறுகிறது.

"ஐயோ, கொதிக்குதே!" என்று பயப்பட வேண்டாம். அது அப்படிச் செய்யப்பட்ட எஞ்சின். 1 லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதே தண்ணீரை முழுதாக ஆவியாக்க அதைப்போல ஏறத்தாழ 7 மடங்கு வெப்பம் வேண்டும். ஆவி போகும்போது அவ்வளவு சூட்டையும் கொண்டுபோகிறது. ஆனால் ஆவியாகப் போன தண்ணீர் திரும்பி வராது. வேலை நடக்க நடக்க மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவேதான் இந்த எஞ்சினில் சிவப்பு மிதவையைக் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள். சிவப்பு தொட்டி வாய்ப்பக்கம் தாழ்ந்தவுடன் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது முகத்தை விலக்கி, பக்கவாட்டில் நின்று, நீளமான மூக்குள்ள பாத்திரத்தால் மெதுவாக ஊற்றுங்கள். தொட்டி வற்றும்வரை விட்டுவிட்டுப் பிறகு பச்சைத்தண்ணீரைக் கொட்டினால் இரும்பு வெடித்துவிடும்.

இரண்டாம் வகை, அமுக்க மூடி உள்ள நாலு சில்லு ட்ரக்டர். இதில் கம்பியுள்ள மிதவையை வைக்க முடியாது. கம்பி வெளியே வர ஓட்டை வேண்டும். ஓட்டை இருந்தால் அமுக்கம் நிற்காது. சிலருக்கு ஒரு எண்ணம் வரும்: "மூடியில் ஒரு ஓட்டை போட்டு நாமளே கேஜ் செஞ்சா என்ன?" தயவுசெய்து செய்யாதீர்கள். அமுக்கம் போனால் நுவரெலியாப் பக்கத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வே 80 பாகை அளவில்தான் திறக்கிறது. இடையில் இருப்பது கொஞ்ச இடைவெளிதான். சுமையோடு ஒரு ஏற்றம் ஏறினாலே கொதித்துவிடும். ஓட்டை வழியாக ஆவியும் சீறும்.

இந்த வகை வண்டிக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, காலையில் எஞ்சின் பச்சைத்தண்ணீர்போலக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பார்ப்பது. பெரட்டு நேரத்துக்கு முன்னாலேயே இதைச் செய்துவிடலாம். உள்ளே தெரியும் குழாய் வாய்கள் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும், கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்க வேண்டும். இரண்டு, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் பொருத்திய வண்டியாக இருந்தால், போத்தலில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் மட்டம் நிற்கிறதா என்று வெளியே இருந்தே பார்ப்பது. மூன்று, புதிய வண்டிகள் சிலவற்றில் உள்ள காந்த மிதவை. மிதவைக்குள் காந்தம் இருக்கும். மட்டம் தாழ்ந்தால் அந்தக் காந்தம், தண்ணீர் படாமல் அடைத்து வைத்திருக்கும் ஒரு சின்ன மின் சுவிட்சை இயக்கும். டிரைவருக்கு முன்னால் விளக்கு எரியும். இதில் கம்பியும் இல்லை, ஓட்டையும் இல்லை.

வெப்ப முள் இருக்கிறதே, அது போதாதா?

நல்ல கேள்வி. டிரைவருக்கு முன்னால் உள்ள முள் சிவப்புக்குப் போனால் வண்டியை நிறுத்தலாம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்த முள்ளை ஆட்டுகிற உணர்கருவி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். குழாய் வெடித்துத் தண்ணீர் முழுதும் கொட்டிப்போனால், அது வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் இரும்பு வெந்துகொண்டிருக்க, முள்ளோ நல்ல இடத்திலேயே நிற்கலாம். சில நேரம் கீழேகூட இறங்கலாம்.

வெப்ப முள் தண்ணீரின் சூட்டைச் சொல்கிறது. மிதவை தண்ணீர் இருக்கிறதா என்று சொல்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஓடுகிற வண்டியில் முள் திடீரென்று விழுந்தால் "நல்லா ஆறிடுச்சு" என்று சந்தோஷப்படாமல், ஓரமாக நிறுத்தித் தரையைப் பாருங்கள். தண்ணீர் கொட்டிய தடம் இருக்கும்.

கேஜ் பொய் சொல்லுமா?

சொல்லும். இரண்டு விதமாகச் சொல்லும்.

முதலாவது, பந்தில் ஓட்டை விழுந்து உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். பந்து மூழ்கிவிடும். தொட்டி நிறைய இருந்தாலும் சிவப்பு கீழேயே கிடக்கும். இது தொல்லைதான், ஆனால் எஞ்சினுக்கு ஆபத்து இல்லை. தண்ணீர் ஊற்றப் போகும்போது தொட்டி நிறைந்திருப்பது தெரிந்துவிடும்.

இரண்டாவதுதான் மோசமானது. கம்பி வளைந்தோ, துருவும் உப்பும் படிந்தோ, வழிக்குழாயில் மேலேயே சிக்கிக்கொள்ளும். தண்ணீர் வற்றிப்போனாலும் சிவப்பு மேலேயே நிற்கும். பார்க்கிறவர் தைரியமாக வண்டியை எடுத்துக்கொண்டு போவார்.

இதற்கு ஒரு எளிய பரிசோதனை உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காலையில், சிவப்பு நுனியை ஒரு விரலால் மெதுவாக அமுக்கி விடுங்கள்.

கீழே போய் உடனே துள்ளி மேலே வந்தால்: தண்ணீர் இருக்கிறது, கேஜும் நல்லாயிருக்கிறது.

அசையாமல் நின்றால்: கம்பி சிக்கியிருக்கிறது. கழற்றித் துடைத்துச் சரிசெய்ய வேண்டும்.

கீழே போய் திரும்பி வராவிட்டால்: தண்ணீர் இல்லை, அல்லது பந்து ஓட்டை. தொட்டிக்குள் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

சில எஞ்சின்களில் கம்பி நுனிக்கு மேல் கண்ணாடிபோன்ற மூடி இருக்கும், விரல் வைக்க முடியாது. அப்படியானால் தண்ணீர் ஊற்றும்போது சிவப்பு ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறாவிட்டால் கேஜை நம்ப வேண்டாம். எஞ்சின் சூடாக ஓடும்போது விரல் பரிசோதனை செய்யாதீர்கள். கம்பியைச் சுற்றி ஆவி வரும்.

டிரைவருக்கும் கூடப்போகிற பையனுக்கும் இடையில் காலைப் பேச்சு இப்படி இருக்க வேண்டும்:

"தம்பி, தண்ணி பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே. செவப்பு மேலதான் நிக்குது."

"விரலால அமுக்கிப் பாத்தியா?"

"அது பாக்கலியே..."

"அப்ப நீ தண்ணி பாக்கல, செவப்பத்தான் பாத்திருக்க. போய் அமுக்கிப் பாத்துட்டு வா."

சரிவில் நிறுத்திப் பார்க்காதீர்கள்

நம்ம மலைப்பாதையில் சமதரை கிடைப்பதே அருமை. ஆனாலும் மட்டம் பார்க்கும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும். வண்டி சாய்ந்து நின்றாலும் தண்ணீர் சாயாமல் மட்டமாகவே நிற்கும். ஆகவே தொட்டியின் ஒரு பக்கம் நிறைந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். மிதவை தாழ்ந்த பக்கத்தில் இருந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், உயர்ந்த பக்கத்தில் இருந்தால் குறைவாகக் காட்டும். கொழுந்து மடுவத்துக்கு முன்னாலோ பெக்டரி முற்றத்திலோ வண்டியை மட்டமாக நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டுப் பாருங்கள்.

தண்ணீர் ஓயாமல் குறைந்தால்

திறந்த தொட்டி எஞ்சினில் தண்ணீர் குறைவது இயல்பு. அமுக்க மூடி உள்ள வண்டியில் நாளுக்கு நாள் குறைவது இயல்பு இல்லை. தினமும் ஊற்றி ஊற்றிச் சமாளிக்காமல், காரணத்தைத் தேட வேண்டும்.

வெளியே பாருங்கள்: றப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா, பம்ப் அடியில் சொட்டுகிறதா, மூடியின் றப்பர் வளையம் தேய்ந்துபோயிருக்கிறதா. வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் உள்ளே போகிறது என்று அர்த்தம். எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சூடான பிறகும் ஓயாமல் வெள்ளைப் புகை வந்தால் அதுவும் ஒரு அடையாளம். அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுவதுதான் புத்தி.

ஊற்றுகிற தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் பீலித் தண்ணீர் கலங்கி வரும். அந்தச் சேறுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது, மிதவையையும் சிக்கவைக்கிறது. துணியால் வடிகட்டி ஊற்றுங்கள். துருப்பிடிக்காத கூலண்ட் மருந்து போடுகிற வண்டியாக இருந்தால், தயாரித்தவர் சொன்ன அளவில் போட வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் மருந்தின் பலம் குறைந்துவிடும்.

இன்னொரு முக்கிய விஷயம். கூலண்ட் பலவற்றில் எதிலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு இருக்கிறது. பச்சையாகவோ சிவப்பாகவோ அழகான நிறத்தில், இனிப்பாக இருக்கும். சோடாப் போத்தலில் ஊற்றி லயத்து வீட்டில் வைத்தால், பிள்ளைகள் குளிர்பானம் என்று குடித்துவிடுவார்கள். நாயும் நக்கிச் சாகும். வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

வழியில் கொதித்துவிட்டால்

ஓரமாக நிறுத்துங்கள். பெட்டியில் ஆட்கள் இருந்தால் முதலில் இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொட்டிப்போயிருந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். மேல்குழாயைக் கையால் பிடித்துப் பார்த்து, சூடு தெரியாத அளவுக்கு ஆறின பிறகுதான் மூடி. அப்போதும் தடித்த சாக்குத்துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, முதல் கொளுக்கிவரை மட்டும் திருகி, சத்தம் அடங்கும்வரை நின்று, பிறகு அமுக்கித் திருகி எடுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரப்பட்டுப் பச்சைத்தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும்.

"பெக்டரியில கொழுந்துக்குக் காத்திருக்காங்க, சீக்கிரம் திற" என்று யார் சொன்னாலும் அசையாதீர்கள். கொழுந்துக்கு வேறு வண்டி வரும். கண்ணுக்கு வேறு கண் வராது.

கொதிநீர் பட்டுவிட்டால்

உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பீலித் தண்ணீர் இதற்குப் போதும். ஐஸ் வேண்டாம். நனைந்த உடுப்பையும், வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். பற்பசை, எண்ணெய், முட்டை, மை ஒன்றும் பூசக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் இலேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முகம், கண், கை வெந்திருந்தால், அல்லது வெந்தது சின்னப் பிள்ளையாக இருந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் டொக்டரிடம் காட்ட வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும்.

வேலை நேரத்தில் நடந்த காயம் என்றால் அன்றைக்கே ஒபிசில் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. "சின்னக் காயம்தானே" என்று பதியாமல் விட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

பிள்ளைகள் செய்து பார்க்க

ஒரு பிளாஸ்டிக் போத்தல், பழைய றப்பர் செருப்பின் ஒரு துண்டு, ஒரு ஈர்க்கு. இவ்வளவு போதும். செருப்புத் துண்டைப் போத்தல் வாய்க்குள் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் ஈர்க்கைச் செங்குத்தாகக் குத்துங்கள். ஈர்க்கின் நுனிக்குச் சிவப்பு நிறம் பூசுங்கள். போத்தல் மூடியில் ஈர்க்கு தாராளமாகப் போய்வரும் அளவுக்கு ஓட்டை போட்டு, மிதவையை உள்ளே விட்டு மூடுங்கள். போத்தலின் அடிப்பக்கத்தில் சின்ன ஓட்டை ஒன்று போட்டு விரலால் அடைத்துப் பிடித்துத் தண்ணீர் நிரப்புங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் வடிய வடியச் சிவப்பு இறங்குவதைப் பார்க்கலாம். மூடி ஓட்டையை இறுக்கமாக்கிப் பாருங்கள். தண்ணீர் போனாலும் சிவப்பு இறங்காது. அப்பா ஓட்டுகிற வண்டியில் கேஜ் எப்படிப் பொய் சொல்லும் என்பது அப்போது நன்றாக விளங்கும். ஒன்று மட்டும்: பச்சைத்தண்ணீரில்தான் செய்ய வேண்டும், சுடுதண்ணீரில் வேண்டாம்.

நினைவில் வைக்க

1. சூடான ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்கக் கூடாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

2. தினமும் காலையில், குளிர்ந்த எஞ்சினில், சமதரையில் தண்ணீர் பார்க்க வேண்டும்.

3. மிதவைக் கேஜ் இருந்தால் சிவப்பைப் பார்ப்பது மட்டும் போதாது. விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

4. அமுக்க மூடியில் ஓட்டை போடக் கூடாது.

5. கேஜ், மூடி, குழாய் எது பழுதானாலும் டிரைவர் ஒபிசில் அறிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும். கம்பியால் கட்டிச் சமாளிக்க வேண்டாம்.

நம்ம தோட்ட வண்டியில் கேஜ் இருக்கிறதா, இருந்தால் அது துள்ளுகிறதா? இந்த இதழை வாசித்து முடித்ததும், நாளைக் காலைப் பெரட்டுக்கு முன் ஒரு தடவை டிரைவர் அண்ணனிடம் கேளுங்கள். அவர் ஓட்டுகிற பெட்டியில் போகிறவர்கள் நாம்தானே.